பாட்டுக்கு நடுவில் வரும் குரல்

சிலிபின், ஈப்போ
14.2.1988, ஞாயிறு இரவு

என் அன்புள்ள அக்கா,

உனக்கும் மச்சானுக்கும் ஆண்டவர் ஒரு குறையும் வைக்காமல் காக்க வேண்டும். இங்கே அப்பாவும் அம்மாவும் சாப்பிட்டு உறங்கும் அளவுக்கு நன்றாக இருக்கிறார்கள். நான்தான் உறங்கவில்லை. அம்மாவின் தையல் மெஷின் பக்கத்தில் டார்ச் லைட்டை வைத்துக்கொண்டு எழுதுகிறேன். அப்பா இருமினால் அணைத்துவிடுவேன். எழுத்து கோணலாக இருந்தால் திட்டாதே.

நீ அனுப்பிய கடிதமும் முறுக்கும் குனோங் ராபாட்டில் என் பள்ளித் தோழி நவமணி வீட்டுக்குப் பத்திரமாக வந்தன. அவள் அம்மா, “யாரு பிள்ள இது, குனோங் ராபாட்டுக்கு மாசாமாசம் எழுதுது?” என்று கேட்டாராம். பேனா நட்பு என்று சொல்லியிருக்கிறாள். பேனா நட்புக்கு யாராவது முறுக்கு அனுப்புவார்களா? இனி கடிதம் மட்டும் போதும். முறுக்கு நன்றாக இருந்தது.

அக்கா, எனக்குப் பயமாக இருக்கிறது. டிசம்பரிலிருந்து புதுச் சட்டம் வந்துவிட்டது. அடுத்தவர் பாட்டையும் படத்தையும் அனுமதி இல்லாமல் பதிந்து விற்றால் குற்றம். போன வாரம் டவுனில் ஒரு வீடியோ கடைக்குள் அதிகாரிகள் புகுந்து ஒரு வேன் நிறைய அள்ளிக்கொண்டு போனார்கள். ஒவ்வொரு நாடாவுக்கும் தனித்தனியாக அபராதம், ஜெயிலும் உண்டு என்று பத்திரிகையில் வந்தது. அப்பா அந்தப் பக்கத்தை மடித்து, நம் ஒலிப்பதிவுக் கடையில் ஆடிக்கொண்டிருந்த மேசைக்கு முட்டுக் கொடுத்துவிட்டார்.

“நான் என்னாத்த திருடுனேன்? பாட்டு அவனுது. எந்தப் பாட்டுக்குப் பின்னாடி எந்தப் பாட்டு வரணும்ங்கிற தேர்வு என்னுது. சனங்க காசு குடுக்குறது அதுக்குத்தான் லா” என்கிறார்.

கோலாலம்பூரிலிருந்து வந்த ஏஜெண்டு ஒரு வெள்ளித் தட்டைக் காட்டினார். கண்ணாடி போலப் பளபளத்தது. இனிமேல் பாட்டெல்லாம் இதில்தான் வரும், இதில் யாரும் பதிய முடியாது என்றார். அப்பா அதில் தலையைச் சீவிப் பார்த்துவிட்டு, “காதுல கேக்குதுல்ல? கேக்குறத எல்லாம் பதியலாம்” என்று திருப்பிக் கொடுத்தார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. நாடாக்களை ஒளித்துவிடலாம். என் குரலை எங்கே ஒளிப்பது? நீ மச்சானோடு போன பிறகு அப்பா, மூல நாடாக்களில் இருந்த உன் குரலை எல்லாம் அழித்துவிட்டேன் என்று சொல்லி, பதினொரு வயதில் என்னைப் பேச வைத்தார் அல்லவா? மூன்றாவது பாட்டின் நடுவில், வயலின் வரும் இடத்தில்: “கஸ்பார் ஒலிப்பதிவு நிலையம், சிலிபின், ஈப்போ. இந்தத் தேர்வை வேறு யாரும் நகல் எடுக்கக் கூடாது.” நான்கு வருடமாக அதைச் சொல்லியிருக்கிறேன். சுங்கை சிப்புட்டிலிருந்து சிம்பாங் பூலாய் வரைக்கும் எத்தனை வீட்டில் நான் இருக்கிறேனோ, எனக்கே தெரியாது. ஒரு நாடா கிடைத்தால் போதும், இந்தப் பெண் யார் என்று கேட்டு வந்துவிடுவார்கள்.

உங்கள் தோட்டத்தில் நம் கடை நாடா நிறைய இருக்கும். வாங்கி, என் குரல் வரும் இடத்தை மட்டும் அழித்துவிடு அக்கா. சிவப்புப் பொத்தானை எப்போது அழுத்த வேண்டும் என்று உனக்குத் தெரியாததா?

உன் தங்கை,
கத்தரின்

படித்ததும் கிழித்துப் போடு.


ஆர்டன் தோட்டம், சுங்கை சிப்புட்
26.2.1988

என் செல்லத் தங்கை கத்தரினுக்கு,

உன் கடிதத்தைக் கொடுக்கும்போது கணக்கு எழுதும் ஆபீஸ் கிராணி உறையைத் தடவிப் பார்த்தார். “தடிமனா இருக்கே. வீட்டுல சமாதானம் ஆயிருச்சா?” என்றார். பேனா நட்பு என்றேன். நமக்கு வேறு பொய் தெரியாது போலிருக்கிறது.

நீ கேட்டபடியே தொழிலாளர் லயத்தில் வீடு வீடாகப் போனேன். ஒருத்தியும் தரவில்லை. இருளாயி அக்கா இடுப்பில் கை வைத்துக்கொண்டு, “காசு குடுத்து வாங்குனது தாயி. அந்தப் பொண்ணு கொரலு வந்தா நான் ஒல வைப்பேன். அத அழிச்சிட்டா எனக்குக் கடிகாரமா வாங்கித் தருவ?” என்றாள். முத்தம்மாவிடம் என் பழைய குரல் இருக்கும் நாடாவே இருக்கிறது. அதைப் போட்டுக் காட்டிவிட்டு, “அப்ப எம்புட்டு இனிப்பா பேசியிருக்க. இப்ப ஆயாக் கொட்டகையில புள்ளைங்கள மேச்சு மேச்சு காக்கா மாரி ஆயிட்டியே” என்றாள். அந்தப் பிள்ளைகளில் பத்துமலை என்று ஒருவன். வயது நான்கு. பாட்டைப் பாடுவான், வயலின் வரும் இடத்தில் நிறுத்துவான், கைகட்டி நின்று ‘நகல் எடுக்கக் கூடாது’ என்பான், மறுபடி பாடுவான். அதையும் பாட்டு என்றே நினைத்திருக்கிறான். இவனை எந்தப் பொத்தானை அழுத்தி அழிப்பது, நீயே சொல்.

அந்த வரி எப்படி வந்தது என்று உனக்குத் தெரியாது. எழுபத்தொன்பதில் உனக்கு ஆறு வயது. டவுனில் ஒரு கடைக்காரன் அப்பாவின் தேர்வை அப்படியே, அதே வரிசையில், அப்பா தவறுதலாக இரண்டு முறை பதிந்த பாட்டையும் இரண்டு முறையாகவே பதிந்து விற்றான். அப்பா இரண்டு நாள் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் என்னைக் கூப்பிட்டு அம்மாவின் துணி அலமாரிக்குள் உட்கார வைத்தார். வெளியே இருந்தால் பஸ் சத்தம் விழும். சேலைகளுக்கு நடுவே ரசகற்பூர வாசனையில் மைக்கைப் பிடித்துக்கொண்டு நான் வரியை முடிக்கும்போதெல்லாம் ரொட்டிக்கார பாய் ஹார்ன் அடிப்பார். கடைசியில் அப்பாவே போய் அவரிடம் நான்கு ரொட்டி வாங்கி அனுப்பிவிட்டு வந்தார். சரியாக அமைந்தபோது கை தட்டினார். முதல் நாடாக்களில் அந்தக் கைதட்டலும் உண்டு. திருடனைப் பிடிக்க வைத்த வரி இப்போது நம்மைப் பிடிக்கும் என்று யார் கண்டது?

இங்கே ரப்பர்ப் பால் எடுத்த கித்தா மரங்களை வெட்டிச் செம்பனை நட்ட பிறகு வெயில் நேராக லயத்தில் விழுகிறது. மத்தியானத்தில் எல்லா வீட்டிலும் பாட்டு ஓடும். கதவைச் சாத்திக்கொண்டாலும் உன் குரல் உள்ளே வரும். எனக்கு அது போதும். நீ பயப்படாதே. குரலை வைத்து முகத்தைக் கண்டுபிடிக்க முடியாது.

ஒவ்வொரு முறையும் இதை எழுதக் கூடாது என்றுதான் உட்காருகிறேன். அப்பா என்னைப் பற்றி ஏதாவது கேட்டாரா?

அன்புடன்,
பெட்ரீசியா


சிலிபின்
20.3.1988, ஞாயிறு

அக்கா,

வந்துவிட்டார்கள். நேற்று காலை பதினொரு மணி. நான் கடையில் உட்கார்ந்து நாடா அட்டைகளில் பாட்டுப் பெயர் எழுதிக்கொண்டிருந்தேன். நான்கு பேர், சாதாரணச் சட்டையில். வாடிக்கையாளர் என்று நினைத்து அப்பா நாற்காலி எடுத்துப் போட்டார். அவர்கள் அதிகாரி அடையாள அட்டையைக் காட்டினார்கள்.

அவர்களில் இராமசாமி என்று ஒருவர் தமிழர். மலாய் அதிகாரி ஒரு நாடாவைப் போட்டார். என் குரல் வந்தது. அந்தப் பெண் என்ன சொல்கிறாள் என்று கேட்டார். இராமசாமி மலாயில் சொன்னார். நகல் எடுக்கக் கூடாது என்ற இடம் வந்ததும் நான்கு பேரும் சிரித்துவிட்டார்கள். கெட்ட சிரிப்பு இல்லை அக்கா. யாராக இருந்தாலும் சிரித்திருப்பார்கள். அப்பா மட்டும் தரையைப் பார்த்தார்.

“இது யாரு கொரலுண்ணே?”

“தெரியாது சார்.”

நான் இரண்டு அடி தள்ளித்தான் நின்றிருந்தேன், கையில் பேனாவோடு. அப்பா என்னைத் திரும்பிப் பார்த்து, அறிமுகம் இல்லாதவரைப் போல, “நீ கேட்ட டேப்பு இல்லம்மா. வீட்டுக்குப் போ” என்றார்.

நான் தெருவைக் கடந்து முடிவெட்டும் கடை ஓரம் நின்றேன். அவர்கள் மேல் தட்டுக்குப் பின்னாலிருந்து பெரிய பிஸ்கட் டின் ஒன்றை இறக்கினார்கள். அதற்குள் நாடாக்கள். போட்டுப் பார்த்தார்கள். பாட்டும் பேச்சும் தெருவுக்கு இந்தப் பக்கம் வரை கேட்டன. உன் குரல் அக்கா. அழித்துவிட்டதாகச் சொன்னாரே, அத்தனையும் வைத்திருந்தார்.

“இது வேற ஆளு. யாரு இது?”

“தெரியாது.”

“ஒங்க வீட்டுப் பொண்ணா?”

“தெரியாதுன்னு சொல்றேன்ல.”

இயந்திரங்களையும் நாடாக்களையும் ஏற்றிக்கொண்டு போனார்கள். அம்மா தேத்தண்ணி கொண்டுபோய் வைத்தார், அது அப்படியே ஆறியது. இன்று பூசைக்குப் போனோம். எல்லோரும் நற்கருணை வாங்க எழுந்து போனார்கள். அப்பா பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தார்.

உன்னை இல்லை என்று சொன்ன மாதிரி என்னையும் சொல்லிவிட்டார் அக்கா. அவரைப் பிடித்துக்கொண்டு போனால் நானும் அம்மாவும் என்ன செய்வோம்? இந்த வருடம் எஸ்.ஆர்.பி. பரீட்சை வேறு. புத்தகத்தைத் திறந்தால் எழுத்தே தெரியவில்லை.

கத்தரின்


ஆர்டன் தோட்டம்
28.3.1988

அன்புள்ள கத்தரின்,

நீ அழாதே. உன்னைத் தெரியாது என்று சொன்னது உன்னை அந்த இடத்திலிருந்து வெளியே அனுப்ப. அது எனக்குப் புரிகிறது, உனக்கும் புரிய வேண்டும்.

என்னைத் தெரியாது என்றது எதற்கு? அதுவும் காப்பாற்றவா? இல்லை, நாலு வருடமாகச் சொல்லிச் சொல்லி வாயில் தானாக வந்துவிட்டதா? மச்சானிடம் கேட்டேன். “அவரு பாவம்” என்று மட்டும் சொன்னார். சிம்பாங் பூலாய் கோயிலில் எனக்குத் தாலி கட்டிய மறுநாள், நம் வீட்டு வாசலில் இரண்டு மணி நேரம் வெயிலில் நின்றவர் இவர். இவர் அப்படிச் சொல்கிறார். எனக்கு அந்த மனது இல்லை.

குரலை அழிக்காமல் வைத்திருந்தார் என்று படித்தபோது முதலில் சந்தோஷமாகத்தான் இருந்தது. சாயங்காலம் ஆனதும் வேறு மாதிரித் தோன்றியது. டின்னுக்குள் வைத்துக்கொள்ளலாம், வெளியே மட்டும் சொல்லக் கூடாது. அப்படித்தானே?

கொஞ்ச நாள் எனக்கு எழுதாதே. கோபம் இல்லை.

பெட்ரீசியா


சிலிபின்
5.4.1988

அன்புள்ள அக்கா,

எழுதாதே என்றாய். மன்னித்துக்கொள்.

ஈஸ்டர் மறுநாள் அந்த இராமசாமி வீட்டுக்கு வந்தார். மேலதிகாரியின் அனுமதியோடுதான் வந்ததாகச் சொன்னார். எடுத்துக்கொண்டு போன நாடாக்களில் பாதிக்கு மேல் உன் குரல் இருக்கிறதாம். “அதெல்லாம் புதுச் சட்டத்துக்கு முந்தி பதிஞ்சதுன்னு காட்டுனா பழைய சட்டப்படி பாக்கச் சொல்லி நான் எழுதலாம்ணே. அபராதம் கொறையும். உள்ள போற பேச்சு இருக்காதுன்னு நெனைக்கிறேன். ஒங்க மூத்த பொண்ணு எப்ப வீட்ட விட்டுப் போச்சுன்னு சொல்லுங்க. அதுக்குப் பொறவு அது பேசல. அவ்ளோதான் சாட்சி” என்றார். அக்கம்பக்கத்தில் விசாரித்திருப்பார் போலிருக்கிறது.

அப்பா ஜன்னலைப் பார்த்துக்கொண்டு, “எனக்கு ஒரே பொண்ணு” என்றார்.

அம்மா சமையலறையிலிருந்து வெளியே வந்தார். அம்மா இப்படிப் பேசி நான் கேட்டதே இல்லை. “அப்ப தைப்பிங் ஆஸ்பத்திரியில ரெண்டு ராத்திரி கத்திப் பெத்தது யார? பக்கத்து வீட்டுப் புள்ளயையா?”

அப்பா சட்டையைப் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டார்.

வரும் பதினொன்றாம் தேதி, திங்கட்கிழமை, வாக்குமூலம் கொடுக்கக் கூப்பிட்டிருக்கிறார்கள். அன்றைக்கும் தெரியாது என்றால் எல்லா நாடாவும் புதுச் சட்டத்தில் போய்விடும். அவர் சொல்ல மாட்டார் அக்கா. நீ ஒரு வரி எழுது. அவர் மீது கோபம் இல்லை என்று எழுது. பொய்யாக இருந்தாலும் பரவாயில்லை. நான் அவர் மேசையில் வைத்துவிடுகிறேன். நான்தான் உனக்கு எழுதுகிறேன் என்று தெரிந்து அடித்தால் அடிக்கட்டும்.

கத்தரின்


சிலிபின்
12.4.1988

என் அன்புள்ள அக்கா,

உன்னிடமிருந்து ஒன்றும் வரவில்லை. தினமும் நவமணியின் பையைப் பார்ப்பேன். அவள் தலையை ஆட்டுவாள். நேற்று வெறுங்கையோடுதான் போனோம். அம்மாவுக்கு மலாய் வாசிக்க வராது என்பதால் என்னைப் பள்ளிக்கூடம் போக வேண்டாம் என்று சொல்லிக் கூட்டிப்போனார். அப்பா பஸ்ஸில் எங்களுக்கு முன் இருக்கையில் தனியாக உட்கார்ந்து வந்தார்.

சின்ன அறை. இராமசாமி தட்டச்சு இயந்திரத்துக்கு முன்னால் இருந்தார். பக்கத்தில் மலாய் அதிகாரி. பிஸ்கட் டின்னில் இருந்த நாடாவைப் போட்டார்கள். உன் குரல் வந்ததும் நிறுத்தப் போனார்கள். அப்பா கையைக் காட்டினார். பாட்டு முடியும் வரை ஓடவிட்டார்கள்.

“சொல்லுங்கண்ணே.”

காற்றாடி சுற்றுவதை நான் எண்ணிக்கொண்டிருந்தேன். இராமசாமி தாளைச் சரிசெய்தார், மறுபடி சரிசெய்தார். அம்மாவின் ஜெபமாலை என் கையில் குத்தியது.

“மூத்த மக” என்றார் அப்பா.

அதற்குப் பிறகு கேட்டதற்கெல்லாம் பதில் வந்தது. நான் அப்படியே எழுதுகிறேன்.

“பேரு?”

“பெட்ரீசியா மேரி.”

“பொறந்தது?”

“அறுபத்தொண்ணு, ஆகஸ்டு பதினஞ்சு. மாதா திருநாளு. விடியக்காலம்.”

“விடியக்காலம் வேணாம்ணே. வீட்ட விட்டுப் போனது?”

“எம்பத்துநாலு, ஜூன் ஒம்போது. சனிக்கெழமை. ஏழே கால் பஸ்ஸு.”

“இப்ப எங்க இருக்கு?”

அப்பா என் பக்கம் திரும்புவார் என்று தலையைக் குனிந்துகொண்டேன். அவர் திரும்பவில்லை. “ஆர்டன் தோட்டம், சுங்கை சிப்புட். ஆயாக் கொட்டகையில வேல. ஆறாம் நம்பர் லயம், கடேசி வீடு.”

நான் ஒரு வார்த்தை சொன்னதில்லை அக்கா, மாதாமேல் ஆணை. உங்கள் தோட்டத்து ஆட்கள் கடைக்கு வந்தால் பாட்டுப் பட்டியலை வாங்கிக்கொண்டு, என்னைக் காப்பி வாங்க அனுப்பிவிட்டு அவர்களோடு பேசிக்கொண்டிருப்பார். அவ்வளவு காப்பி எதற்கு என்று நான் யோசித்ததே இல்லை.

“கல்யாணம் ஆச்சா?”

“ஆச்சு.”

“புருசன் பேரு?”

அப்பா தொண்டையைச் செருமினார்.

“பழனியப்பன். சன்னாசி மகன் பழனியப்பன். லாரி ஓட்டுறாப்ல. நல்ல பையன்னு சொல்றாங்க.”

“நல்ல பையன்லாம் இதுல போட எடமில்லண்ணே” என்று இராமசாமி சொன்னார். பிறகு தாளை உருவிக் கொடுத்தார். அப்பா ஒவ்வொரு வரியாகப் படித்துக் கையெழுத்துப் போட்டார்.

அபராதம் உண்டு, கட்டக்கூடிய அளவுதான் இருக்கும் என்கிறார்கள். நாடாக்கள் திரும்பி வராது. எல்லாவற்றையும் நசுக்கிவிடுவார்களாம், டின்னில் இருந்தவற்றையும். கடையும் இனி இல்லை. அப்பா ரேடியோ பழுது பார்க்கலாம் என்று இருக்கிறார். இன்னும் ஒன்று பாக்கி. குரலுக்கு உரியவர் நேரில் வந்து தன் குரல்தான் என்று சொல்ல வேண்டும். இருபத்திரண்டாம் தேதி வெள்ளிக்கிழமை, காலை பத்து மணி.

படியில் இறங்கும்போது நான் அப்பாவைக் கேட்டேன், யார் போய்ச் சொல்வது என்று. “நீயே எழுதிப் போடு. ஒன் கையெழுத்து அவளுக்குப் பழக்கம்” என்றார். அம்மா சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டார். எனக்கு அடி விழவில்லை.

இன்றைக்கு விளக்கைப் போட்டுக்கொண்டே எழுதுகிறேன்.

உன் தங்கை,
கத்தரின்


ஆர்டன் தோட்டம்
18.4.1988, திங்கள்

என் அன்புத் தங்கைக்கு,

உன் கடிதம் இன்று மத்தியானம்தான் கையில் கிடைத்தது. நீ கேட்ட அந்த ஒரு வரியை நான் எழுதாமல் இல்லை. எழுதினேன், கிழித்தேன். பொய்யாக எழுத வரவில்லை. அதனால் அவர் என் சொல்லுக்காகச் செய்தார் என்று யாரும் சொல்ல முடியாது. எனக்கு அது நல்லதாகவே படுகிறது. அந்த நாடாக்களை நசுக்குவார்கள் என்று படித்தபோது ஒரு நிமிடம் வலித்தது. பிறகு, போகட்டும் என்று இருந்தது.

மச்சான் லாரியை விட்டுவிட்டு ஐந்து மணிக்கு வந்தார். கை கால் கழுவி உட்கார்ந்ததும், அப்பா சொன்ன பதில்களை வரிசையாக வாசித்துக் காட்டினேன். ஏழே கால் பஸ் வரைக்கும் சமாளித்தேன். புருஷன் பேரு என்ற இடத்தில் என்னால் வாசிக்க முடியவில்லை. தாளை அவரிடமே கொடுத்துவிட்டேன்.

அவர் படித்தார். எழுந்து போய் அடுப்பிலிருந்து கரியை அள்ளிப் பெட்டியில் போட்டு, தன் வெள்ளைச் சட்டையை எடுத்து இஸ்திரி போட்டுக்கொண்டிருக்கிறார். வெள்ளிக்கிழமைக்கு இன்னும் நான்கு நாள் இருக்கிறது.

பெட்ரீசியா